தம்பிக்கு ஒரு நாள்

அந்தப் பள்ளியில் அவளுக்கு அரிச்சுவடி டீச்சர் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு துணிச்சல் வந்து முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்த பெரியவர்களுக்கு இந்த ஊர் மொழியைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. 'இது கதவு, இது ஜன்னல், என் பெயர் இன்னது' என்று தொடங்குகிற அடிமட்ட வகுப்பு பருவம் தவறாமல் அவள் தலையில்தான் விழும். ஒன்பது வருடமாக அவளை அதற்கு மேல் ஒரு படி ஏறவிட்டதில்லை. ஏனென்றால் அவளும் பிழைக்க வந்தவள்.

பிறந்த நாட்டில் அவள் உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் நடத்தியவள். அவள் பாடம் எடுத்தால் மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் வந்து நின்று கேட்பார்கள். இங்கே வந்த புதிதில் அலுவலகங்களின் மாடிப்படி துடைத்தாள். துடைத்துக்கொண்டே சுவரில் இருந்த அறிவிப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆசிரியர் தேர்வில் ஒரு தடவை தவறி, அடுத்த தடவை தேறினாள். அப்படியும் இந்த மொழி அவள் வாயில் கொஞ்சம் வேறு மாதிரிதான் உருண்டது. அவர்களுக்கு அது போதாதா? பிறந்ததிலிருந்து பேசுகிறவர்கள்தான் மேல் வகுப்பு எடுக்கலாம் என்பது எந்தச் சுவரிலும் ஒட்டப்படாத சட்டம். ஒட்டியிருந்தால் அவள் என்றைக்கோ கிழித்திருப்பாள். ஒட்டாததை எப்படிக் கிழிப்பது என்பதுதான் அவளுக்கு ஆத்திரம்.

பட்டப்பெயரைக் கேட்டு மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஆளில்லை அவள். ஒருநாள் தன் டீக் கோப்பையில் சிவப்புப் பெயிண்டால் 'அரிச்சுவடி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஆசிரியர் அறை மேஜையில் எல்லோர் கோப்பைக்கும் நடுவில் வைத்தாள். "இனிமே யாரும் மாத்தி எடுத்துட மாட்டீங்க பாருங்க" என்றாள். கேலி செய்தவர்களுக்கு அதோடு அதில் ருசி போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அடுத்த அறை பரீட்சை டீச்சருடையது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். மொழித் தேர்வில் தேறினால்தான் இங்கே நிரந்தரமாகத் தங்க விடுவார்கள். அந்தத் தேர்வுக்குப் படிக்கிற மேல் வகுப்பு அவர் கையில் இருந்தது. அவர் நடந்து வந்தால் தாழ்வாரத்தில் பேச்சு நிற்கும்.

அரிச்சுவடி டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அந்தத் தாழ்வாரத்தில்தான் ஒரு சங்கதி நடந்தது. அவளுடைய மாணவர்கள் சுற்றி நிற்கும்போதே பரீட்சை டீச்சர் நின்று, "அந்தச் சொல்லை அப்படிச் சொல்லாதீங்க. இவங்களும் அதையே பிடிச்சுக்குவாங்க" என்றார். இவள் சளைக்கவில்லை. "சரி, எப்படின்னு நீங்களே சொல்லுங்க. நானும் இவங்களும் சேர்ந்தே கத்துக்கறோம்" என்று சொல்லி, வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லச் சொல்ல, அவரை அங்கேயே நிற்கவைத்து அந்த ஒரு சொல்லை வாய் வலிக்கச் சொல்லவைத்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் காலை வணக்கத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பேச்சுதான் இல்லை, சத்தம் இருந்தது. அந்தக் கட்டிடம் முன்பு மேஜை நாற்காலி வைத்திருந்த கிடங்கு. பெரிய கூடத்தை மரத்தாலான மடக்குத் தடுப்பு ஒன்றால் இரண்டாகப் பிரித்து இரண்டு வகுப்பு ஆக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் 'இது கதவு' என்று கூட்டமாகக் கத்தினால் அந்தப் பக்கம் இலக்கண விளக்கம் கெட்டுப்போகும். பரீட்சை டீச்சர் டஸ்டரால் தடுப்பில் தட்டுவார். இவள் வேண்டுமென்றே இன்னொரு தடவை கத்தச் சொல்லுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பரீட்சை டீச்சரின் தம்பி செத்துப்போனார்.

அந்தத் தம்பியை எல்லோருக்கும் தெரியும். வீடுகளுக்குத் தரையில் டைல்ஸ் பதிக்கிறவர். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் சாயங்காலமானால் சிமெண்ட் தூசி படிந்த வேனோடு வாசலில் நிற்பார். பெற்றவர்கள் சின்ன வயதிலேயே போய்விட, அவரை வளர்த்ததே இந்த அக்காதான். யாருடைய வீட்டிலோ குளியலறைத் தரையைப் பதித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கூட விதியில் துக்க விடுப்பு என்று ஒன்று உண்டு. கணவன் மனைவி, பிள்ளை, பெற்றவர் என்றால் ஒரு வாரம். கூடப் பிறந்தவர் என்றால் ஒரு நாள். தம்பியுள்ளவன் படைக்கு அஞ்சமாட்டான் என்று பழமொழி சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது புரியாது. தம்பிக்கு ஒரு நாள் என்று முடிவு கட்டிய புண்ணியவானுக்குத் தம்பியே இருந்திருக்க மாட்டான், அல்லது இருந்தும் பேச்சுவார்த்தை இருந்திருக்காது.

அந்த ஒரு நாள் முடிந்து பரீட்சை டீச்சர் வந்தார். அன்று ஆசிரியர் அறையைப் பார்த்திருக்க வேண்டும். என்றைக்கும் யாரும் சீண்டாத நகல் இயந்திரத்தின் மேல் எல்லோருக்கும் திடீரென்று பிரியம் வந்துவிட்டது. இளைய வாத்தியார் ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையைத் துடைத்தார். ஒருத்தர் ஜன்னல் வழியாக மழை வருமா என்று பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மொழியை விற்றுப் பிழைக்கிற அத்தனை பேருக்கும் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அரிச்சுவடி டீச்சரும் தலையைக் குனிந்து டீயைத்தான் கலக்கினாள். பிடிக்காத மனுஷியிடம் போய் என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

முதல் மணியில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பரீட்சை டீச்சரின் குரல் கேட்டது. ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றது. பிறகு தொடரவே இல்லை. இந்தப் பக்கம் எல்லோரும் தடுப்பைப் பார்த்தார்கள்.

முன் வரிசையில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த கொஞ்சம் மொழியில் கேட்டார். "அந்த டீச்சர் பேசல. ஏன்?"

"அவங்க தம்பி இறந்துட்டாரு" என்றாள் அவள். கையால் சைகையும் காட்டினாள்.

அங்கே இருந்த யாருக்கும் சாவை விளக்கத் தேவையில்லை. போர், கடல், வியாதி என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். அதோடு, போன வாரம்தான் அவள் அவர்களுக்கு 'நல்லது கெட்டதில் பேசுவது' என்ற பாடத்தை நடத்தியிருந்தாள். இடைவேளை மணி அடித்ததும் அவர்கள் டீ குடிக்கப் போகவில்லை. பரீட்சை டீச்சரின் அறை வாசலில் போய் வரிசையாக நின்றார்கள்.

அவள் பதறிக்கொண்டு பின்னாலேயே போவதற்குள் தையல்காரம்மா முதல் ஆளாக உள்ளே போய், நிமிர்ந்து நின்று, "உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம்" என்றார். புத்தகத்தில் இருந்தபடியே, ஒரு எழுத்து பிசகாமல். அடுத்து லாரி ஓட்டுகிறவர். அதே வாக்கியம். அடுத்து ஒரு நர்ஸ். அதே வாக்கியம். வாய் நிறைய மொழி வைத்திருந்தவர்கள் அந்த அறையை எட்டிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தவர்கள் வரிசையில் வந்து அதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பரீட்சை டீச்சர் நாற்காலியில் சிலையாக உட்கார்ந்து எல்லோருக்கும் தலையசைத்தார். கடைசியில் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். நெஞ்சில் கை வைத்து, கண் கலங்கி, "உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம்" என்றார். கடையில் நாளெல்லாம் சொல்லிப் பழகிய நாக்கு அதோடு நிற்கவில்லை. "நன்றி, மீண்டும் வருக" என்று சேர்த்துச் சொல்லிவிட்டது.

அரிச்சுவடி டீச்சர் வாசலில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பரீட்சை டீச்சரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் நின்ற ரொட்டிக்கடைக்காரரிடம், "கடைசி வாக்கியம் இதுக்குச் சேராது ஐயா. முதல் வாக்கியம் ரொம்ப நல்லா சொன்னீங்க" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "நீங்க சொல்லிக்குடுத்ததா?" என்று கேட்டார்.

"முதல் பாதி மட்டும்" என்றாள் அவள்.

ஒரு சிரிப்பில் துக்கம் கரைந்துவிட்டால் உலகத்தில் டாக்டரே வேண்டாம். அடுத்த மணியிலும் பரீட்சை டீச்சரின் குரல் பாதியில் நின்றது. மறுநாளும் நின்றது. மேல் வகுப்பு மாணவர்களுக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. யாரோ போய்ப் பள்ளி நிர்வாகியிடம் சொல்லியிருக்கிறார்கள். நிர்வாகி அரிச்சுவடி டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"மேடம், மேல் வகுப்பை உங்களுக்குத் தரலாம்னு இருக்கோம். நிரந்தர வேலை. மணிக்கணக்குச் சம்பளமெல்லாம் இனி இல்ல" என்றார்.

"அவங்க?" என்றாள் அவள்.

"அவங்களுக்கு ஓய்வு தேவை. இன்னும் கொஞ்ச வருஷம்தான் சர்வீஸ் இருக்கு. வீட்டுல இருக்கட்டும். நானா சொன்னா நல்லா இருக்காது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அவங்களால முடியலன்னு. நீங்க பக்கத்து வகுப்பு, எல்லாம் கேட்டுட்டுத்தான இருக்கீங்க. உங்களுக்கு இது தாய்மொழி இல்லைன்னாலும் நாங்க இந்த வாய்ப்பைத் தர்றோம். யோசிங்க."

யோசித்தாள். பொய் சொல்வானேன், ஆசைதான் பட்டாள். பஸ்ஸில் வரும்போதே மேல் வகுப்பில் முதல் நாள் என்ன பாடம் எடுப்பது என்று மனசுக்குள் நடத்திப் பார்த்துவிட்டாள்.

வீட்டில் கணவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். லிப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுப் பள்ளத்துக்குள் நின்று வேலை செய்கிறவன் என்பதால் வீட்டில் அளவாகத்தான் பேசுவான். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில், "நான் மட்டும் என்ன, அன்னிக்குப் பாடம் எடுக்கலயா? எங்கப்பா போன அன்னிக்கு?" என்றாள்.

அது அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். அப்பா போன செய்தி பஸ்ஸிலேயே போனில் வந்தது. ஊருக்குப் போக வழியில்லை. வகுப்புக்குப் போகாவிட்டால் வேலையும் இல்லை. போனாள். அன்றைய பாடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்குவது. மாணவர்கள் டிக்கெட் கொடுக்கிறவர்கள், அவள் பயணி. ஒவ்வொருவராக அவளிடம் "எங்கே போகணும்?" என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை.

"எடுத்தே" என்றான் கணவன். "எடுத்துட்டு வந்து கதவைத் தாழ் போட்டுட்டு விடிய விடிய அழுதே. அது நல்லா இருந்துச்சுன்னா அவங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுடு."

அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"மடக்குத் தடுப்புக்கு எண்ணெய் விட்டா திறக்குமாங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அவன் பையிலிருந்து எடுத்த எண்ணெய்க் குப்பியோடு பள்ளிக்குப் போனாள். அந்தப் பக்கம் குரல் நின்றதும் கீல்களில் எண்ணெயை விட்டாள். லாரிக்காரரும் ரொட்டிக்கடைக்காரரும் இரண்டு பக்கம் பிடித்துத் தள்ள, வருடக்கணக்காகத் திறக்காத தடுப்பு அலறிக்கொண்டு மடங்கியது. அந்தப் பக்கம் மேல் வகுப்பு வாயைப் பிளந்தது. பரீட்சை டீச்சர் சுண்ணாம்புக் கட்டியோடு பலகை முன்னால் நின்றிருந்தார்.

"என் ஆளுங்களுக்குப் பேசிப் பழக ஆள் வேணும். உங்க ஆளுங்களுக்குத் தேர்வுல பேச்சுப் பரீட்சை இருக்கு. ஒருத்தருக்கு ஒருத்தர் உக்காரட்டும்" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க பேசுங்க. நிக்கிற இடத்துல நான் எடுத்துக்கறேன். நீங்க எப்ப வேணா திரும்ப வாங்கிக்கலாம்" என்றாள்.

பரீட்சை டீச்சர் அவளையே பார்த்தார். "உங்களை எனக்குப் பிடிக்காது, தெரியுமில்ல" என்றார்.

"எனக்கும்தான். உங்க ஆளுங்களை நாற்காலியைத் திருப்பச் சொல்லுங்க."

அந்த வாரம் அப்படித்தான் ஓடியது. பரீட்சை டீச்சர் ஒரு விளக்கத்தைத் தொடங்குவார். சில சமயம் கடைசிவரை போவார். சில சமயம் ஜன்னலுக்கு வெளியே, தம்பியின் வேன் வழக்கமாக நிற்கிற இடத்தைப் பார்த்து நின்றுவிடுவார். அரிச்சுவடி டீச்சர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வாள். மேல் வகுப்புப் பாடம் ஒன்றும் அவளைத் தின்றுவிடவில்லை. அதைவிட முக்கியம், அவள் உச்சரிப்பைக் கேட்டு அங்கே யாரும் மயங்கி விழவுமில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம். பரீட்சை டீச்சர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே நிர்வாகி அவரை 'அவங்க' என்று சொல்லிப் பேசினார். செத்துப்போனது தம்பியா அக்காவா என்றே சந்தேகம் வரும்படி. கடைசியில், "பக்கத்து வகுப்பு மேடம் நிலைமையைச் சொல்லுவாங்க" என்று இவள் பக்கம் கையைக் காட்டினார்.

அவள் எழுந்து நின்றாள்.

"முடியலதான். அவங்களால முடியல. யாரால சார் முடியும்? தம்பிக்கு ஒரு நாள்னு எழுதிவச்சிருக்கீங்களே, அந்த ஒரு நாள்ல அடக்கம் பண்ணவே நேரம் பத்தாது."

"விதியை நான் எழுதல மேடம்."

"படிக்கத் தெரியுதில்ல? அப்ப தப்புன்னும் தெரியணும்." அவள் பரீட்சை டீச்சரைப் பார்த்துத் திரும்பினாள். "அவங்க அவங்கன்னு பேசறதுக்கு நீங்க ஒண்ணும் பக்கத்து ஊர்ல இல்ல. உங்களையே கேக்கறேன். வகுப்பு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்" என்றார் பரீட்சை டீச்சர். "வீட்டுல உக்காந்தா செத்துடுவேன்."

"கேட்டாச்சு சார். அவ்வளவுதான் நிலைமை."

நிர்வாகியின் முகம் சிவந்தது. "அப்ப உங்களுக்கு மேல் வகுப்பு வேண்டாம்?"

"வேணும். ஒன்பது வருஷமா வேணும். ஆனா எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு எடுத்துக்கிறதா இருந்தா வேண்டாம். இன்னொரு மேல் வகுப்பு திறங்க, எனக்குக் குடுங்க. தாய்மொழி இல்லைன்னு சொன்னீங்க. வாஸ்தவம். அதனாலதான் இதை எப்படிக் கத்துக்கிறதுன்னு எனக்குத் தெரியும். நடந்தே பொறந்தவங்களுக்கு விழுந்து எந்திரிக்கறதை எங்க சொல்லிக்குடுக்கத் தெரியும்?"

யாரும் கை தட்டவில்லை. அங்கே அப்படிப்பட்ட வழக்கம் இல்லை. ஆனால் இளைய வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் ஓய்வு மணிகளில் இரண்டு வகுப்புக்கும் உதவிக்கு வர முடியும் என்றார். பரீட்சை டீச்சரைப் பார்த்து, "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அதான் சொல்லல" என்றார். பரீட்சை டீச்சர் தலையசைத்தார். நிர்வாகி, பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

அவர் பார்த்த லட்சணம் திங்கட்கிழமை தெரிந்தது. மடக்குத் தடுப்பை இழுத்து மூடி, புதுப் பூட்டு ஒன்று போட்டிருந்தார்.

அரிச்சுவடி டீச்சர் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். லிப்ட் மெக்கானிக்கின் பெண்டாட்டிக்கு அதை உடைக்க வழி தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைய பாடம் 'என் குடும்பம்'. தம்பியை இழந்தவர் எதிரில் அதை எப்படி நடத்துவது, தள்ளிப்போடலாமா என்று ராத்திரியே யோசித்திருந்தாள். தடுப்பு மூடியிருப்பதும் ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, பலகையில் தலைப்பை எழுதினாள்.

தாழ்வாரத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பரீட்சை டீச்சர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் மேல் வகுப்பு முழுவதும், ஆளுக்கொரு நாற்காலியோடு.

"தடுப்பு பூட்டியிருக்கு. கதவு பூட்டல. உக்காரலாமா?" என்றார்.

நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பரீட்சை டீச்சர் மாணவர்களோடு மாணவராக இரண்டாம் வரிசையில், தையல்காரம்மாவுக்கும் ரொட்டிக்கடைக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்தார். பாடம் தொடங்கியது. வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். என் அம்மா ஊரில் இருக்கிறார். வரிசை நகர்ந்து வந்தது. தையல்காரம்மா சொல்லி முடித்து உட்கார்ந்தார்.

இத்தனை நாளும் எல்லோரும் பரீட்சை டீச்சரைத் தாண்டித்தான் போனார்கள். நகல் இயந்திரத்துக்குப் போனார்கள், ஜன்னலுக்குப் போனார்கள். வகுப்பு மொத்தமும் அரிச்சுவடி டீச்சரின் முகத்தைப் பார்த்தது. அவரைத் தாண்டி ரொட்டிக்கடைக்காரரை எழுப்புவது சுலபம். அவள் தாண்டவில்லை.

"அடுத்து நீங்க சொல்லுங்க" என்றாள்.

பரீட்சை டீச்சர் எழுந்தார். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று அரிச்சுவடி மொழியிலேயே, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு ஒரு தம்பி. அவன் டைல்ஸ் பதிப்பான். அவனுக்குப் பாடத் தெரியாது. ஆனா வேன்ல பாடுவான். சாயங்காலம் எனக்காக வாசல்ல நிப்பான்." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் செத்துப்போயிட்டான்."

ஒரு வாரமாகப் பெரிய வாக்கியங்களில் சிக்கிக்கொண்டு வெளியே வராதது, சின்ன வாக்கியங்களில் வந்துவிட்டது. யாரும் தலையைக் குனியவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

அப்போது வாசலில் நிர்வாகி வந்து நின்றார். சாவி கையில் இருந்தது. "மேடம், என்ன இது? ரெண்டு வகுப்பும் ஒரே அறையில..."

"பாடம் நடக்குது சார்" என்றாள் அவள், திரும்பாமலே. "கேக்கறதா இருந்தா ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க."

பரீட்சை டீச்சர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். வந்த ஆளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் மாணவர்கள் செய்வதுபோல் கையை உயர்த்தினார்.

"டீச்சர், நான் இன்னும் முடிக்கல."

ஒன்பது வருடத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முன்னால் அரிச்சுவடி இல்லை, வெறும் டீச்சர்.

"சொல்லுங்க" என்றாள் அவள். "மணி அடிச்சாலும் சொல்லுங்க."